மணி கட்டிய பூனை: உயிருள்ள செல்லைப் பின்தொடர்தல்



எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு, இந்தப் பேச்சுக்கு அழைக்க வந்தவர்கள் இரண்டு நிபந்தனை போட்டார்கள். தமிழில் பேச வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் அறிவியல் படிக்காதவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நான் வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதியை இருட்டறையில் கழித்தவன். நுண்ணோக்கி வைத்திருக்கும் அறையைச் சொல்கிறேன். அங்கே என்ன பார்த்தேன், எதைத் தப்பாகப் பார்த்தேன் என்று சொல்வதுதான் எனக்குத் தெரிந்த பேச்சு.

நான் மாணவனாக இருந்தபோது செல்லைப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் முதலில் அதைக் கொல்ல வேண்டும். ஃபார்மலினில் ஊறப்போட்டு, மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மெல்லிய சீவலாகச் சீவி, கண்ணாடி வில்லையில் ஒட்டி, ஹீமட்டாக்சிலின், இயோசின் என்று சாயம் ஏற்றி, அதற்குப் பிறகுதான் நுண்ணோக்கிக்குக் கீழே வைப்போம். நீலமும் இளஞ்சிவப்புமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அது செத்த செல். பேருந்து நிலையத்தை ஒரே ஒரு புகைப்படம் எடுத்து உங்கள் கையில் கொடுத்தால், எத்தனை பேருந்து நிற்கிறது என்று எண்ணலாம். எது இப்போதுதான் வந்தது, எது புறப்படப் போகிறது, எது காலையிலிருந்து பழுதாகி நிற்கிறது என்று சொல்ல முடியுமா? நூறாண்டுக்கு மேல் செல் உயிரியல் அந்தப் புகைப்படத்தை வைத்துக்கொண்டுதான் கால அட்டவணையை ஊகித்துக்கொண்டிருந்தது.

உயிரோடு பார்க்கவே முடியாதா என்றால், முடிந்தது. ஃபிரிட்ஸ் செர்னிக்கெ என்ற டச்சுக்காரர் அதற்கென்று ஒரு நுண்ணோக்கி முறை கண்டுபிடித்து 1953இல் நோபல் பரிசும் வாங்கினார். அதில் செல் நகர்வது தெரியும், பிரிவது தெரியும். கூட்டம் தெரியும், ஆள் தெரியாது. ஒரு செல்லுக்குள் பல ஆயிரம் வகைப் புரதங்கள் இருக்கின்றன. எல்லாம் கண்ணாடி மாதிரி. நாம் தேடுகிற ஒன்று எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எலிகள் கூடி யோசித்த கதை உங்களுக்குத் தெரியும். பூனைக்கு மணி கட்டிவிட்டால் போதும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மணிக்கு எங்கே போவது என்பதுதான் எங்கள் சிக்கல். அது ஒரு சொறிமீனுக்குள் இருந்தது.

முதலில் ஒளியைப் பற்றி இரண்டு நிமிடம். ஒன்றைச் சொன்னால் கொஞ்சம் தாமதமாகப் புரிந்துகொள்கிறவனை டியூப்லைட் என்கிறோம். தாமதத்துக்குக் காரணம் சோக்கும் ஸ்டார்ட்டரும்தான். உள்ளே பூசிய வெள்ளைப் பொடி பாவம், அதன்மேல் குற்றமில்லை. குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவி நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உமிழ்கிறது. பொடி அதை வாங்கி, கொஞ்சம் ஆற்றலைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மீதியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிறது. வாங்கியதை உடனே தருவதால் இதற்குத் தமிழில் உடனொளிர்வு என்று பெயர். ரூபாய் நோட்டை ஊதா விளக்கடியில் காட்டினால் வரிசை எண் பளிச்சிடுகிறதே, அதுவும் இதுதான். மின்மினியின் கதை வேறு. அது யாரிடமும் ஒளியை வாங்குவதில்லை. தன் உடம்பில் நடக்கும் வேதிவினையால் தானே ஒளியைச் செய்கிறது. இந்த இரண்டையும் பிரித்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் சொறிமீனுக்குள் இரண்டும் உண்டு.

அந்தச் சொறிமீனைத் தேடிப் போன ஒசாமு ஷிமோமுரா 1928இல் பிறந்த ஜப்பானியர். 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் குண்டு விழுந்தபோது அவருக்குப் பதினாறு வயது. நகரிலிருந்து தள்ளி ஒரு தொழிற்சாலையில் இருந்தார். அந்த வெளிச்சம் சிறிது நேரம் அவர் பார்வையை மறைத்துவிட்டது. பின்னாளில் ஒளியையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டதை இதோடு முடிச்சுப் போட்டுப் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆய்வுப் பொருள் பல நேரங்களில் பேராசிரியர் கையில் கொடுப்பதுதான். நகோயாவில் பேராசிரியர் ஹிராட்டா இவர் கையில் கொடுத்தது ஒளிரும் சிறு கடலுயிரி ஒன்று. அதன் ஒளிப்பொருளை 1956இல் படிகமாக்கிக் காட்டினார். அதைப் பார்த்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்த ஃபிராங்க் ஜான்சன் இவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார்.

1961 கோடையில் இருவரும் காரில் நாட்டைக் குறுக்காகக் கடந்து, வாஷிங்டன் மாநிலத்தில் ஃபிரைடே ஹார்பர் என்ற தீவுத் துறைக்குப் போனார்கள். அங்கே எக்கோரியா என்ற சொறிமீன் அலையோடு கூட்டம் கூட்டமாக வரும். தொட்டால் அதன் குடை விளிம்பு பச்சையாக ஒளிரும். விளிம்பைக் கத்தரியால் வளையமாக நறுக்கி, துணியில் இட்டுப் பிழிந்து, சாற்றிலிருந்து ஒளிப்பொருளை எடுக்க வேண்டும். பிழியும்போதே ஒளிர்ந்து தீர்ந்துபோனது. எதைச் சேர்த்தும் நிறுத்த முடியவில்லை. ஷிமோமுரா ஒரு படகை எடுத்துக்கொண்டு கடலில் போய்ப் படுத்து யோசிப்பாராம். அப்படிப் படுத்திருந்தபோதுதான் அமிலத்தன்மையை மாற்றிப் பார்க்கலாமே என்று தோன்றியது. அமிலத்தைச் சேர்த்ததும் ஒளிர்வது நின்றது. அன்று வேலை முடிந்து மிச்சச் சாற்றைக் கழுவுதொட்டியில் கொட்டினார். தொட்டி முழுக்க நீல வெளிச்சம் பாய்ந்தது. பக்கத்து மீன் காட்சித் தொட்டியின் கடல்நீர் அந்தக் கழுவுதொட்டிக்குள்தான் வழிந்துகொண்டிருந்தது. கடல்நீரில் கால்சியம் இருக்கிறது. கால்சியம் பட்டால் ஒளிரும் புரதம் அது. எக்கோரின் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் கோடையில் ஏறத்தாழ 10,000 சொறிமீன்களைப் பிடித்தார்கள். அத்தனையும் சுத்திகரித்துக் கிடைத்த எக்கோரின் சுமார் 5 மில்லிகிராம். அடுத்து வந்த ஆண்டுகளில் ஷிமோமுராவின் மனைவியும் மகனும் மகளும் வலையோடு துறையில் நின்றார்கள். மொத்தக் கணக்கு 8,50,000 சொறிமீன்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். நம் கடற்கரையில் அந்த இனத்துக்கு ஏன் சொறி என்று பெயர் வந்தது என்பது கையில் பட்டவர்களுக்குத் தெரியும்.

அப்போது ஒரு முரண்பாடு இருந்தது. மீன் பச்சையாக ஒளிர்கிறது, எக்கோரின் நீலமாக ஒளிர்கிறது. சுத்திகரிக்கும்போது ஒதுங்கிய இன்னொரு புரதம் வெயிலில் இலேசான பச்சை காட்டியது, ஊதா விளக்கில் பளீரென்று பச்சை காட்டியது. எக்கோரினைப் பற்றிய 1962ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு கொடுத்தார்கள். அவ்வளவுதான். சொறிமீனுக்குள் எக்கோரின்தான் பாதரச ஆவி, இந்தப் பச்சைப் புரதம்தான் வெள்ளைப் பொடி. எக்கோரினின் ஆற்றல் ஒளியாக வெளியே வராமலே, பக்கத்தில் ஒட்டியிருக்கும் பச்சைப் புரதத்துக்குக் கைமாறிவிடுகிறது. இந்தக் கைமாற்றம் பிறகு நமக்குத் தேவைப்படும்.

அடிக்குறிப்பிலிருந்த புரதம் முப்பது ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தால் எந்தச் செல்லுக்குள்ளும் விளக்கேற்றலாமே என்று நினைத்தவர் அமெரிக்காவின் உட்ஸ் ஹோலில் இருந்த டக்ளஸ் பிராஷர். 1992இல் மரபணுவை வெளியிட்டார். அதோடு நிதி தீர்ந்தது, மேற்கொண்டு கேட்ட நிதியும் வரவில்லை. கேட்ட இருவருக்கு மரபணுவைத் தபாலில் அனுப்பி வைத்துவிட்டு அந்த வேலையிலிருந்து விலகினார். அந்த இருவரும் ஷிமோமுராவோடு 2008இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த அக்டோபரில் பிராஷர் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை வேனில் ஏற்றி இறக்கும் ஓட்டுநராக இருந்தார். பரிசு பெற்ற இருவரும் தங்கள் செலவில் அவரையும் மனைவியையும் ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துப் போனார்கள். இதைக் கேட்டுப் பலர் கண்கலங்குகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிற குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இதனால் என்ன பயன் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களில் எத்தனை பிராஷர்கள் இருந்தார்களோ.

மரபணுவை வாங்கியவர்களில் ஒருவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் சால்ஃபி. அவர் ஆராய்ந்தது ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. உடம்பு கண்ணாடி போல; இனப்பெருக்கச் செல்களை விட்டுவிட்டால் வளர்ந்த புழுவில் 959 செல்கள், அதில் 302 நரம்புச் செல்கள். 1989 ஏப்ரலில் ஒரு கருத்தரங்கில் சொறிமீனின் பச்சைப் புரதத்தைப் பற்றிக் கேட்டதும், மீதிப் பேச்சு அவர் காதில் விழவில்லையாம். ஒளி ஊடுருவும் புழு, ஒளிரும் புரதம்: இரண்டும் மனத்தில் ஒட்டிக்கொண்டன.

ஒரு பெரிய சந்தேகம் மட்டும் எல்லோருக்கும் இருந்தது. தாவரங்களின் பச்சை நிறமியைச் செய்வதற்குப் பல நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. இந்தப் புரதத்தின் ஒளிரும் பகுதியைச் செய்யவும் சொறிமீனுக்குள் ஏதோ சமையல்காரர்கள் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அப்படியென்றால் மரபணுவை மட்டும் புழுவுக்குள் வைத்து என்ன பயன்? சால்ஃபியின் ஆய்வு மாணவி கியா யூஸ்கிர்ஷென் தேவையான பகுதியை மட்டும் நறுக்கிக் குடல் பாக்டீரியாவுக்குள் வைத்தார். தங்கள் ஆய்வகத்து நுண்ணோக்கி சரியில்லை என்று, தான் முன்பு வேலை பார்த்த ஆய்வகத்துக்குப் போய் அங்கிருந்த நல்ல நுண்ணோக்கியில் பார்த்தார். பாக்டீரியா பச்சையாக ஒளிர்ந்தது. சமையல்காரர்கள் தேவையில்லை. அடுத்துப் புழுவின் தொடுவுணர்வு நரம்புகள் ஒளிர்ந்தன. 1994 பிப்ரவரியில் சயன்ஸ் இதழின் அட்டையில் அந்தப் புழு வந்தது.

சமையல்காரர்கள் இல்லாமல் இது எப்படி முடிகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்தப் புரதம் 238 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. மாலை தானாகவே மடிந்து, பதினொரு பட்டைகளால் கட்டிய பீப்பாய் ஆகிறது. பீப்பாயின் நடுவே 65, 66, 67ஆம் இடங்களில் செரின், டைரோசின், கிளைசின். மடிந்த நெருக்கத்தில் இந்த மூன்றும் ஒன்றையொன்று பற்றி ஒரு வளையமாக மூடிக்கொள்கின்றன. பிறகு கரைந்திருக்கும் ஆக்சிஜன் வந்து தொட்டால் விளக்குத் தயார். பீப்பாய்ச் சுவர் அந்த விளக்கை வெளியே உள்ள நீரிலிருந்து காப்பாற்றுகிறது. வெளியிலிருந்து தேவைப்படுவது ஆக்சிஜன் ஒன்றுதான். அதனால்தான் ஈஸ்ட், ஈ, எலி, நெல் என்று எதற்குள் வைத்தாலும் எரிகிறது. நம் ஆய்வுக்குரிய புரதத்தின் மரபணுவோடு இதன் மரபணுவைத் தைத்துவிட்டால், செல் இரண்டையும் ஒட்டிய ஒரே புரதமாகச் செய்து தருகிறது. நாம் மணி கட்ட வேண்டியதில்லை. பூனையே மணியோடு பிறக்கிறது.

தபாலில் மரபணு பெற்ற இன்னொருவர் கலிஃபோர்னியாவின் ரோஜர் சியென். அவருக்கு ஒரே பச்சை போதவில்லை. 65ஆம் இடத்துச் செரினை எடுத்துவிட்டுத் திரியோனினை வைத்தார். விளக்கு இன்னும் பிரகாசமானது, சீக்கிரமும் எரியத் தொடங்கியது. 66ஐ மாற்றினால் நீலம். வேறோர் இடத்தை மாற்றினால் மஞ்சள். சிவப்பு மட்டும் பிடிபடவில்லை. 1999இல் மாஸ்கோ ஆய்வாளர்கள் மின்மினி போலத் தானே ஒளியைச் செய்யாத பவள வகை உயிரி ஒன்றில் சிவப்பு உடனொளிர்வுப் புரதத்தைக் கண்டார்கள். ஆனால் அது நான்கு நான்காகத்தான் கூட்டணி சேரும். கட்டிய பூனைகளையும் நான்கு நான்காகக் கட்டிப்போட்டுவிடும். சியென் குழு அதில் 33 மாற்றங்கள் செய்து தனி ஆளாக்கியது. 2004இல் அதன் வாரிசுகளுக்குச் செர்ரி, ஸ்ட்ராபெர்ரி, டேஞ்சரின் என்று பழக்கடைப் பெயர்களைச் சூட்டினார்கள்.

நிறத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் செய்த இன்னொன்று. புரதம் எங்கே இருக்கிறது என்பதோடு நிற்காமல், செல்லுக்குள் என்ன மாறுகிறது என்பதையும் விளக்கே சொல்ல வேண்டும் என்று கேட்டார். கால்சியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுக்கு வெளியே உள்ளதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் இருக்கும். தசை சுருங்க வேண்டும், நரம்பு சேதி சொல்ல வேண்டும் என்றால் கதவு திறந்து கால்சியம் உள்ளே பாயும். வேலை முடிந்ததும் செல் அதை வெளியே இறைத்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தை எப்படிப் பார்ப்பது? சியெனும் அட்சுஷி மியாவாக்கியும் (நம் ஊரில் குறுங்காடு வளர்க்கிறார்களே, அந்த மியாவாக்கி வேறு) 1997இல் ஒரு புரதத்தைத் தைத்தார்கள். ஒரு முனையில் நீல வகை விளக்கு, மறு முனையில் பச்சை வகை விளக்கு, நடுவே கால்சியம் பட்டால் வளைந்து சுருட்டிக்கொள்ளும் கால்மாடுலின் என்ற புரதம். கால்சியம் வந்ததும் இரு முனைகளும் நெருங்குகின்றன. பத்து நானோமீட்டருக்குள் வந்தால், சொறிமீனில் நடந்த அதே கைமாற்றம் இங்கும் நடக்கிறது. நீலம் மங்குகிறது, பச்சை கூடுகிறது. ஆங்கிலத்தில் இதற்குப் பச்சோந்தியின் பெயரை வைத்தார்கள். தமிழ்ப் பெயரில் பச்சையும் சேர்ந்தே இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

2001இல் ஜப்பானின் ஜுனிச்சி நகாய் ஒரே விளக்கை வைத்தே இதைச் செய்துவிட்டார். பீப்பாயின் பக்கவாட்டைத் திறந்து, அங்கே கால்மாடுலினைப் பொருத்தினார். கால்சியம் இல்லாதபோது ஓட்டையான பீப்பாய் மங்கிக் கிடக்கும். வந்ததும் அடைபட்டுப் பளிச்சிடும். அதன் வழித்தோன்றல்களைத்தான் இன்று உலகெங்கும் மூளை ஆய்வில் பயன்படுத்துகிறார்கள். இப்போது திரையில் ஓடுவது வரிக்குதிரை மீன் குஞ்சின் மூளை. மீன்தொட்டிக் கடையில் வாங்குகிறோமே, அதேதான். 2013இல் அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு நிலையத்தில், இந்தக் குஞ்சின் மூளையிலுள்ள ஏறத்தாழ ஒரு லட்சம் நரம்புச் செல்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் தனித்தனியாகத் தெரியும்படி, 1.3 நொடிக்கு ஒரு முறை படமெடுத்தார்கள். அந்த மினுக்கம் ஒவ்வொன்றும் ஒரு செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்குவது. குஞ்சு என்ன நினைக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

(இங்கே இரண்டாவது காணொளி காட்டப்பட்டது.)

இது எங்கள் இருட்டறையில் எடுத்தது. மனிதச் செல்கள், குரோமோசோமில் டிஎன்ஏ இழை சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் பச்சை விளக்கு. செல்களுக்கு 37 டிகிரி சூட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டி. கருவிக்காகக் குளிரூட்டிய அறையில் நாங்கள் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இரவு பத்து மணிக்கு வட்டமாக ஒரு பச்சை மேகம், அவ்வளவுதான் தெரியும். பிறகு மேகம் திரிதிரியாகக் கெட்டிப்படும். திரிகள் கட்டை கட்டையாகி அங்குமிங்கும் இழுபடும். மெல்ல நடுவில் ஒரே வரிசையில் வந்து நிற்கும். பாருங்கள், ஓரத்தில் ஒன்று மட்டும் வந்து சேரவில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் படத்துக்கு நின்றாயிற்று, ஒரு சித்தப்பாவைக் காணோம். யாரும் நகர மாட்டார்கள். பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தன. சித்தப்பா வந்து நின்ற சில நிமிடங்களில் வரிசை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் ஓடியது. ஒன்று வந்து சேராமல் பிரிந்தால் ஒரு செல்லில் குரோமோசோம் கூடும், இன்னொன்றில் குறையும். அதனால் செல் காத்திருக்கிறது என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிடும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை மெழுகில் பதித்த சீவலில் யாரும் பார்க்க முடியாது.

இவ்வளவு சொன்னவன் எங்கள் அசட்டுத்தனத்தையும் சொல்ல வேண்டும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பில் இருக்க வேண்டிய ஒரு புரதத்தில் நாங்கள் பச்சை விளக்கைக் கட்டினோம். பார்த்தால் செல் முழுக்கப் பச்சை, மைட்டோகாண்ட்ரியாவில் ஒன்றுமில்லை. இந்தப் புரதத்துக்கு வேறொரு வேலையும் இருக்கிறது என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. என் மாணவி ஏழு மாதம் அதன் பின்னால் அலைந்தாள். கட்டுரையும் எழுதி முடித்தோம். ஒருநாள் கேண்டீனில் டீ குடிக்கும்போது பக்கத்து ஆய்வகத்து நண்பர் கேட்டார்: “எந்த முனையில் கட்டினீர்கள்?” மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும் பல புரதங்களுக்கு விலாசம் எழுதியிருப்பது முன்முனையில். நாங்கள் அங்கேதான் விளக்கை ஒட்டியிருந்தோம். கடித உறையில் விலாசத்தின் மேலேயே தபால் தலையை ஒட்டிவிட்டு, கடிதம் ஊர் ஊராகச் சுற்றுகிறதே என்று வியந்திருக்கிறோம். வால்முனைக்கு மாற்றிக் கட்டினோம். மறுவாரம் மைட்டோகாண்ட்ரியா புழுப்புழுவாக ஒளிர்ந்தது. அந்தக் கேண்டீன் கேள்வியை நான் பிறகு எல்லா மாணவர்களிடமும் கேட்டேன், எல்லோரும் சலித்துக்கொள்ளும் அளவுக்கு.

மணிக்கும் எடை உண்டு. பச்சைப் புரதத்தின் எடை 27 கிலோடால்டன். செல்லின் எலும்புக்கூட்டுப் புரதங்களில் ஒன்றான ஆக்டின் 42. தன் எடையில் பாதிக்கு மேல் சுமக்கும் ஆள் இயல்பாக நடப்பான் என்று எதிர்பார்க்கலாமா? ஆக்டினின் மேல் கட்டுவதைவிட, அதைப் போய்ப் பற்றிக்கொள்ளும் 17 அமினோ அமிலச் சிறு துண்டில் விளக்கைக் கட்டும் முறை 2008இல் வந்தது. அதையும் அளவுக்கு மீறிச் செய்யவைத்தால் ஆக்டினின் நடை மாறுகிறது. ஒளியும் இலவசமில்லை. விளக்கை எரியவைக்க நாம் பாய்ச்சும் நீல ஒளி செல்லைப் புண்ணாக்கும். அழகான படம் வேண்டுமென்று ஒளியைக் கூட்டியவன் செல் பிரியவில்லை என்று புகார் சொல்வான். மங்கலான படத்தோடு வாழப் பழகியவனுக்குத்தான் செல் பிரிந்து காட்டும்.

ஒளி படப்பட விளக்கு வெளிறியும் போகும். முதலில் இது தொல்லையாக இருந்தது. பிறகு அதையே கருவியாக்கிக்கொண்டார்கள். செல்லின் ஒரு மூலையில் லேசரைப் பாய்ச்சி அங்குள்ள விளக்குகளை வேண்டுமென்றே அணைத்துவிட்டுக் காத்திருப்போம். குளத்துப் பாசியைக் கையால் ஒதுக்கினால் மெல்ல வந்து மூடிக்கொள்வது போல, சுற்றிலும் இருந்து ஒளிரும் புரதங்கள் வந்து இருட்டை நிரப்பும். எவ்வளவு நேரத்தில் மூடுகிறது என்பதிலிருந்து புரதம் ஓடுகிறதா, எங்காவது கட்டுண்டு கிடக்கிறதா என்று கணக்கிடலாம். மூடவே மூடாத சில இடங்கள் உண்டு. அங்கேதான் பல நேரங்களில் நல்ல கேள்வி இருக்கும்.

நம் கையாலாகாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. டார்ச் விளக்கை உள்ளங்கையில் பொத்திப் பிடித்து விளையாடியிருப்பீர்கள். வெள்ளை விளக்குதான், ஆனால் விரலைத் தாண்டி வருவது சிவப்பு மட்டும். நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிடுகிறது. அதனால் உயிருள்ள எலியின் கல்லீரலுக்குள் பச்சை விளக்கைக் கட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. 2009இல் சியெனின் ஆய்வகம் சொறிமீனை விட்டுவிட்டு பாக்டீரியாவின் ஒளியுணர் புரதம் ஒன்றைத் திருத்தி, அகச்சிவப்பை ஒட்டிய விளக்கு செய்தது. அதற்கு வேண்டிய பொருள், இரத்த நிறமி சிதையும்போது நம் உடம்பிலேயே கிடைப்பது. இன்னும் பிரகாசம் போதவில்லை.

ஆக்சிஜன் இல்லாத இடம் அடுத்தது. குடலுக்குள் வாழும் பாக்டீரியாக்களில் பல காற்றுப் பட்டாலே சாகும் இனம். அவற்றுக்குள் பச்சைப் புரதத்தை வைத்தால் பீப்பாய் சரியாக மடியும், மூன்று அமினோ அமிலங்களும் வளையமாகும், அதோடு நின்றுவிடும். கடைசியில் தொட வேண்டிய ஆக்சிஜன் அங்கே இல்லை. அதற்கென்று ஆக்சிஜன் கேட்காத விளக்குகளைத் தேடி, வைட்டமின் பி2இலிருந்து வரும் ஃபிளேவினைப் பிடித்துக்கொண்டு ஒளிரும் புரதங்களைச் செய்திருக்கிறார்கள். மங்கல்தான். என் மாணவி, அதே ஏழு மாத மாணவி, இப்போது அதில்தான் வேலை செய்கிறாள். போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கறுப்புத் திரையில் நாலைந்து பச்சைப் புள்ளிகள். எந்த முனையில் கட்டியிருக்கிறாள் என்று நான் கேட்பதற்கு முன்பே கீழே எழுதியிருந்தாள்.